கடைசி 1 எங்கே போச்சு?

தம்பி தங்கைகளே, எக்செலில் 999999999-ஐ அதே எண்ணால் பெருக்கி, நம்பர் ஃபார்மட்டில் பாருங்க. கடைசி இலக்கம் 0 என்று காட்டும். 9×9=81, அப்போ 1-தானே வரணும்? சுங்கை பட்டாணி வகுப்பில் இதைக் கையால் போட்ட தோட்டத்துப் பிள்ளைகள் என்னிடம் கொடுத்த விடை 999999998000000001. அதுதான் சரி.

எக்செல் ஓர் எண்ணை 64 பிட்டில், இரண்டின் அடுக்குகளாக எழுதுகிறது. இலக்கங்களுக்கு அதில் 53 பிட்தான். 9,007,199,254,740,992 வரை எந்த முழு எண்ணும் தப்பாது. அதற்கு மேல் இரண்டிரண்டாகத் தாவும், பிறகு நாலு நாலாக. நம்ம விடை இருக்கும் இடத்தில் தாவல் 128! நடுவில் நிற்கும் 1-க்கு இடமேது? போதாக்குறைக்கு, எக்செல் காட்டுவதே 15 இலக்கம்தான்; மிச்சமெல்லாம் பூஜ்யம்.

பைத்தான் மொழி அப்படியில்லை. முழு எண்ணுக்கு வேண்டிய இடத்தை நீட்டிக்கொண்டே போகும்.