எழுபதுக்கு மேல் போனஸா?

முகப்பேர் கிழக்கு

அன்புள்ள மாணவிக்கு,

வாட்ஸ்அப்பில் நீ கேட்ட கேள்விக்கு அதிலேயே பதில் எழுத என் விரல் ஒத்துழைக்காது. அதனால் கடிதம்.

“ஆயாவுக்கு 76 வயசு சார். அயோர்டிக் வால்வு சுருங்கிப்போச்சு, மாத்தணும்கறாங்க. சராசரி ஆயுளே 70தானே, இதுக்கு மேல எதுக்குன்னு சித்தப்பா கேக்கறாரு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல” என்று எழுதியிருந்தாய். சித்தப்பா கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. இங்கே பூங்காவில் காலையில் என்னோடு நடப்பவர்களில் பாதிப் பேர் “எழுபதுக்கு மேல எல்லாம் போனஸ் சார்” என்பவர்கள்தான். ஆனால் புள்ளியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிற நீ பதில் தெரியாமல் நின்றாயே, அதுதான் உறுத்துகிறது.

சராசரி ஆயுள் 70 என்பது இன்று பிறக்கும் குழந்தைக்கான கணக்கு. தொட்டிலில் போனவர்களும் இருபதில் லாரியில் அடிபட்டவர்களும் அதில் அடக்கம். 76-ஐத் தொட்டவருக்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை. இந்தியாவில் 60 வயதை எட்டியவர் சராசரியாக இன்னும் சுமார் 18 ஆண்டுகள் வாழ்கிறார். 70-ஐ எட்டியவருக்கும் பத்துக்கு மேல் பாக்கி இருக்கிறது.

எட்மண்ட் ஹாலியை நீ வால்நட்சத்திரத்தோடு மட்டும் சேர்த்து வைத்திருப்பாய். என்னைக் கேட்டால் அவர் செய்த பெரிய காரியம் வானத்தில் இல்லை, பிரெஸ்லவ் என்ற ஊரின் சாவுக் கணக்கில் இருக்கிறது. இன்று போலந்தில் வ்ரோட்ஸ்வாஃப் என்கிறார்களே, அந்த ஊர்தான். காஸ்பர் நாய்மன் என்ற பாதிரியார் திரட்டி வைத்திருந்த பிறப்பு இறப்புப் பதிவுகளை வைத்து 1693-இல் ஹாலி ஓர் அட்டவணை போட்டார். ஓய்வு பெற்ற பிறகு நான் அதிகம் புரட்டியது அதைத்தான். நாவல் படிப்பதுபோல் படிப்பேன். முதல் வரிசையில் 1000 பேர். 34 வயதில் 499. பாதிக்கு மேல் போய்விட்டார்கள். 70 வயதில் 142 பேர், 76-இல் 78, 80-இல் 41.

இப்போது சித்தப்பாவின் தர்க்கத்தை அங்கே வைத்துப் பார். பாதிப் பேர் 34-க்குள் போய்விட்ட ஊரில் 76 வயதுக் கிழவி இருக்கவே கூடாது. ஆனால் இருந்தாள். அவள் வயதுக்காரர்கள் 78 பேரில் 41 பேர் எண்பதையும் பார்த்தார்கள். அதாவது, பாதிக்கும் மேல். ஆன்டிபயாடிக் இல்லை, பி.பி. மாத்திரை இல்லை, அப்போதே இந்தக் கணக்கு. ஆயுள் காப்பீடு என்ற தொழிலே இந்தப் புள்ளியில் கால் ஊன்றித்தான் நிற்கிறது: இதுவரை வந்தவருக்கு இனி எவ்வளவு என்று கேட்க வேண்டும். பிறந்தபோது எவ்வளவு என்று இப்போது கேட்பவன் கணக்கே கேட்கவில்லை. இதை வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! நீங்கள் எல்லாம் சூத்திரத்தை மட்டும் எழுதிக்கொண்டு கேன்டீனுக்கு ஓடினீர்கள்.

சரி, வால்வுக்கு வருகிறேன். நீ இணையத்தில் தேடி, “வால்வு மாற்றியவர்களில் ஐந்து வருடத்தில் நூற்றுக்கு 72 பேர் இறந்துவிட்டார்கள்” என்று படித்துப் பதறியிருக்கிறாய். அந்த எண் பொய்யில்லை. எங்கிருந்து வந்தது என்று பார்த்தாயா? அது 2010-இல் முதல் முடிவுகள் வெளிவந்த பார்ட்னர் என்ற ஆய்வு. நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தால் தாங்க மாட்டார்கள் என்று அறுவை மருத்துவர்கள் கைவிட்டவர்கள்தான் அதன் இந்தப் பகுதியில் சேர்க்கப்பட்டார்கள். சராசரி வயது 83. ஒரு பிரிவினருக்குத் தொடை ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வை ஏற்றி வைத்தார்கள்; மற்றவர்களுக்கு அதுவரை இருந்த வழக்கமான வைத்தியம். ஓர் ஆண்டு முடிவில் வால்வு வைத்தவர்களில் நூற்றுக்கு 31 பேர் இல்லை. வைக்காதவர்களில் 51 பேர் இல்லை. ஐந்தாம் ஆண்டில் 72-க்கு எதிரே 94. நீ 72-ஐ மட்டும் படித்துவிட்டு மூடிவிட்டாய். பக்கத்து நெடுவரிசையைப் பார்க்காத மாணவிக்கு நான் பாஸ் மார்க் போட்டதில்லை.

வைக்காதவர்களுக்கு ஏன் அத்தனை வேகம்? இந்த நோய் வருடக்கணக்கில் வாயைத் திறக்காது. மூன்று மடல்களில் சுண்ணாம்பு படிந்து படிந்து வாசல் குறுகும். இதயம் கூடுதலாக முக்கித் தள்ளிச் சமாளிக்கும். அறிகுறி தெரிந்த பிறகுதான் சரிவு. ராஸ், பிரான்வால்ட் என்ற இருவர் 1968-இல் எழுதியதை இன்றும் மருத்துவ மாணவர்கள் ஒப்பிக்கிறார்கள்: வால்வை மாற்றாவிட்டால் நெஞ்சுவலி தொடங்கியபின் சராசரியாக 5 ஆண்டு, மயக்கம் வந்தபின் 3, இதயம் தளர்ந்து மூச்சிரைப்பு வந்தபின் 2. ஆயா மாடிப்படியில் நின்று நின்று ஏறுகிறார் என்று எழுதியிருந்தாயே, அதை டாக்டரிடம் சொன்னீர்களா? “வயசானா இரைக்கத்தான் செய்யும்” என்று வீட்டிலேயே முடித்துவிடாதீர்கள்.

இன்னொரு ஒப்பீடும் வேண்டும்: அதே வயதில் வால்வுக் கோளாறே இல்லாதவர்கள். ஸ்வீடனில் நெஞ்சைத் திறந்து அயோர்டிக் வால்வு மாற்றிக்கொண்ட 23,000-க்கும் மேற்பட்டவர்களை நாட்டின் பொது மக்கள்தொகையோடு ஒப்பிட்டு 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. மொத்தமாகப் பார்த்தால் ஆயுளில் 1.9 ஆண்டு இழப்பு. 50 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 4.4 ஆண்டு. 80-ஐத் தாண்டியவர்களுக்கு? வெறும் 0.4. ஐந்து மாதம்! கிழவர்களுக்குத்தான் நஷ்டம் குறைவு. பூங்கா நண்பர்களிடம் இதைச் சொன்னபோது ஒருவர் நம்பவே மாட்டேன் என்று டீ குடிக்கப் போய்விட்டார்.

நீ அவரைப் போல் போகவும் வேண்டாம், உடனே குதிக்கவும் வேண்டாம். பாக்கி ஆயுளே குறைவாக இருப்பவருக்கு இழப்பும் சிறிதாகத்தான் தெரியும், அது ஒன்று. இரண்டாவது, 80 வயதில் ஆபரேஷன் மேசைக்குப் போகிறவர் பொறுக்கி எடுக்கப்பட்டவர். சிறுநீரகம், நுரையீரல், ஞாபகசக்தி எல்லாம் ஓரளவு ஒழுங்காக இருப்பவரைத்தான் அனுப்புவார்கள். அவரைப் பொது மக்களோடு ஒப்பிட்டால் கொஞ்சம் சலுகை தெரியத்தான் செய்யும். இத்தனையைக் கழித்த பிறகும் “போனஸ்” வாதம் எழுந்து நிற்காது.

செத்தவர் எதனால் செத்தார் என்பதும் இருக்கிறது. கூண்டுக்குள் பந்து வைத்த செயற்கை வால்வை 1960-இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஸ்டார் பொருத்தினார்; அதை வடிவமைத்தவர் லோவெல் எட்வர்ட்ஸ் என்ற பொறியாளர். அந்த வால்வோடு முதன்முதலில் வீடு திரும்பிய நோயாளி பத்து வருடம் வாழ்ந்து, வீட்டுக்கு வண்ணம் பூசும்போது ஏணியிலிருந்து விழுந்து இறந்தார். ஏணியையும் வால்வின் கணக்கில் எழுதும் அட்டவணைகள் உண்டு. வயதானவர்களின் ஆய்வில் இந்த ஏணிகள் நிறைய.

நம் பக்கத்தில் வால்வு ஆபரேஷன் என்றாலே குழப்பம் கூடுதலாக இருப்பதற்கு என் மனதில் ஒரு காரணம் உண்டு. இந்தியாவில் முதல் பைபாஸ் ஆபரேஷனை 1975-இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் செய்தவர் டாக்டர் கே.எம். செரியன். பின்னால் நம் முகப்பேரில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனையும் ஃபிரான்டியர் லைஃப்லைனையும் உருவாக்கியவரும் அவரே. அந்தத் தலைமுறை பார்த்த வால்வு நோயாளிகளில் பலர் இளைஞர்கள். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் வால்வைத் தின்றிருக்கும். அவர்களுக்கு உலோக வால்வு. திருவனந்தபுரத்தில் டாக்டர் வலியத்தான் குழு உருவாக்கி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்திய சித்ரா வால்வு அதில் பெயர் பெற்றது. உலோக வால்வு என்றால் வாழ்நாள் முழுக்க அசிட்ரோம் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை. ஆகவே வால்வு என்றதும் நம் ஜனங்களுக்கு அந்த மாத்திரைச் சிறைதான் ஞாபகம் வரும். ஆயா வயதில் பெரும்பாலும் மாட்டுத்திசு அல்லது பன்றித்திசு வால்வு வைப்பார்கள். அது பத்துப் பதினைந்து வருடம் உழைக்கும். இளைஞனுக்குப் போதாது, ஆயாவுக்குத் தாராளம்.

ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் தன்னை நடக்கவிட்டு ஒருவர் ஸ்டாப் வாட்சை அழுத்தினார், அவமானமாக இருந்தது என்று ஆயா சொன்னாராம். 5 மீட்டரைக் கடக்க 6 விநாடிக்கு மேல் ஆனால் ஆபரேஷனில் ஆபத்து கூடுதல் என்று பார்த்திருக்கிறார்கள். ஆதார் கார்டில் இருக்கும் வயதைவிட அந்தக் கால் சொல்லும் வயது முக்கியம். ஆயாவிடம் இதை விளக்கிச் சொல். டாக்டரிடம் கேட்க வேண்டியது “இந்த ஆபரேஷனில் எத்தனை பேர் பிழைப்பார்கள்” என்பதல்ல. “இவரைப் போன்றவருக்கு, வைத்தால் எப்படி, வைக்காவிட்டால் எப்படி, தொடை வழியா நெஞ்சு வழியா” என்று கேள். பதில் என்னவானாலும் முடிவு ஆயாவுடையது. சித்தப்பாவுடையது இல்லை, என்னுடையதும் இல்லை.

ஒன்று மறந்துவிட்டேன். புது வால்வு வைக்கும் முன் பல்லைக் காட்டி வரச் சொல்வார்கள். சொத்தைப் பல்லின் கிருமி ரத்தத்தில் ஏறிப் புது வால்வில் போய் உட்காரும். வெற்றிலைச் செல்லத்தோடு உட்காரும் ஆயா “இதயத்துக்கும் பல்லுக்கும் என்னடி” என்று நிச்சயம் மல்லுக்கு நிற்பார். விடாதே, கூட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
உன் சார்