காற்றாலையும் அலகு வட்டமும் – எக்ஸெல்லில் ஒரு பயிற்சி

பிளஸ் ஒன் மாணவர்கள் பலர் சைன், கோசைன் அட்டவணையை 0 முதல் 90 டிகிரி வரை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். சைன் 150 எவ்வளவு என்று கேட்டால் திணறுவார்கள். கோவில்பட்டியில் என்னிடம் கணக்குக் கேட்க வருபவர்களுக்கு நான் அட்டவணை தருவதில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் வட்டம் வரையச் சொல்வேன்.

ஆரம் 1 உள்ள வட்டமே அலகு வட்டம். மையத்திலிருந்து வலப்புறம் கிடையாக உள்ள ஆரம் 0 டிகிரி. அதைக் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் திருப்புங்கள். அதன் நுனி பக்கவாட்டில் எவ்வளவு தள்ளி உள்ளதோ அது கோசைன். எவ்வளவு உயரத்தில் உள்ளதோ அது சைன். மையத்துக்கு இடப்புறமும் கீழ்ப்புறமும் மைனஸ்.

இனி எக்ஸெல்லைத் திறக்கவும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் என்றாலும் சரி.

1. ஏ2-ல் 0, ஏ3-ல் 15 என டைப் செய்து, இரண்டையும் தேர்வு செய்து ஏ26 வரை இழுக்கவும். 360 வரை கோணங்கள் வந்துவிடும்.

2. பி2-ல் =காஸ்(ரேடியன்ஸ்(ஏ2)), சி2-ல் =சைன்(ரேடியன்ஸ்(ஏ2)) என ஆங்கில எழுத்துக்களில் டைப் செய்து, 26-ம் வரி வரை இழுக்கவும். காஸ், சைன் இரண்டுக்கும் மூன்றே எழுத்துதான்.

3. பி2 முதல் சி26 வரை தேர்வு செய்து ஸ்கேட்டர் சார்ட் போடவும். முட்டை வடிவில் வந்தால் சார்ட்டைச் சதுரமாக்கவும். வட்டம் தயார்!

ரேடியன்ஸை விட்டுவிட்டால் சைன் 30-க்கு −0.988 என்று வரும். கம்ப்யூட்டர் தவறவில்லை. அது 30 ரேடியன் என எடுத்துக்கொள்கிறது. ஒரு முழுச் சுற்று சுமார் 6.28 ரேடியன், எனவே 4 சுற்று முடித்து, வட்டத்தின் அடிப்பகுதி அருகே வந்து நிற்கிறது. கோசைன் 90-க்கு நேரே 6.12-ல் தொடங்கி −17-ல் முடியும் எண்ணைக் கண்டால், அதைப் பூஜ்யமாகவே கொள்ளவும்.

நினைவில் வைக்க வேண்டியவை மூன்று எண்களே. 30, 45, 60-க்கு சைன் மதிப்பு முறையே 1, 2, 3-ன் வர்க்கமூலத்தில் பாதி: 0.5, 0.707, 0.866. கோசைனுக்கு இதே வரிசை தலைகீழ். மற்றவை கண்ணாடிப் பிம்பம். 150 என்பது 30-ன் உயரத்திலேயே இடப்புறம் உள்ளது. எனவே சைன் 0.5, கோசைன் −0.866.

சரிபார்க்க நம் ஊர்ப் பக்கமே உதாரணம் உண்டு. கரிசல் காட்டைக் கடந்து கயத்தாறு போனால் காற்றாலைகள் தெரியும். மூன்று இறக்கைகள், 120 டிகிரி இடைவெளி. ஓர் இறக்கை 30-ல் நின்றால் மற்றவை 150, 270-ல் நிற்கும். சைன் மதிப்புகள் 0.5, 0.5, −1, கூட்டினால் பூஜ்யம். இறக்கைகள் எங்கே நின்றாலும் இப்படித்தான். 75, 195, 315-க்கு நீங்களே உங்கள் சி வரிசையில் கூட்டிப் பாருங்கள்.