குறைந்த செலவில் ஒரு சீட்டுப் பெட்டி

சீட்டு என்றதும் பெரியோர் முகம் சுளிப்பது இயல்பே. ஆனால் நாம் இங்குக் காண்பது காசு வைத்தாடும் சீட்டன்று. கணிதம் பயின்ற ரிச்சர்டு கார்ஃபீல்டு உருவாக்கி, 1993-இல் வெளிவந்த 'மேஜிக்: தி கேதரிங்' என்னும் ஆட்டமாகும்.

இவ்வாட்டத்தில் ஒரு குறை உண்டு. அரிய சீட்டுகளை விலை கொடுத்து வாங்குவோர் கையே ஓங்கும். இக்குறையைக் களைவது 'கியூப்' எனும் பொதுப் பெட்டி. அதில் 360 வெவ்வேறு சீட்டுகள் இருக்கும். எட்டுப் பேருக்கும் ஆளுக்கு 15 சீட்டுகள் கொண்ட மூன்று கட்டுகள். ஒன்றை எடுத்துக்கொண்டு, மீதியை அடுத்தவரிடம் தர வேண்டும். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் என எங்கிருந்து மின்சார ரயிலேறி வந்தாலும் எண்மரும் இங்குச் சமம். விலை மலிந்த 'காமன்' வகைச் சீட்டுகளே போதும்.

புதிய சீட்டுகள் ஆண்டுதோறும் வருகின்றன. ஆசைப்பட்டதையெல்லாம் சேர்த்தால் ஐந்து நிறங்களின் சமநிலை குலையும். ஆகவே ஒன்று நுழைய, ஒன்று வெளியேற வேண்டும். எதை நீக்குவது? ஒருவர் எடுக்கும் 45-இல் ஏறத்தாழ 23 மட்டுமே ஆட்டத்தில் இறங்கும். நிலச் சீட்டுகள் தனியே தரப்படும். ஒதுக்கப்பட்டவற்றை ஒவ்வொரு முறையும் குறித்து வருக. பலமுறை ஒதுக்கப்பட்டதே முதலில் நீங்க வேண்டியது. அதே நிறத்தில், ஏறத்தாழ அதே 'மானா' செலவில் மாற்றுத் தேடுக. ஒரு தடவைக்குப் பத்துச் சீட்டுக்குள் மாற்றினால் விளைவும் புலப்படும், செலவும் அடங்கும்.

நமக்குப் பிடித்த சீட்டை நீக்குவதே கடினம். ஆயினும் பெட்டி வாங்கியவனுக்கு மட்டும் உரியதன்று. ஆடும் எண்மருக்கும் உரியது. இதை நினைவிற்கொண்டால் கை தயங்காது.