கைத்தொலைபேசியும் வகுப்பறை வாசலும்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கொரோனாத் தொற்றினால் நாட்டின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. சில வாரங்களுள் ஆசிரியர்கள் வட்ஸ்அப் வழியாகப் பாடங்களை அனுப்பத் தொடங்கினார்கள். அதுவரை "போனைத் தொடாதே" என்று கண்டித்த தாய்மார் "போனை எடுத்துப் படி" என்று சொல்லவேண்டி வந்தது. வசதி குறைந்த வீடுகளிற் கடன்பட்டும் நகையை அடகு வைத்தும் ஒரு கைத்தொலைபேசி வாங்கினார்கள். சிக்னல் கிடையாத மலைநாட்டுக் கிராமங்களிற் பிள்ளைகள் மரத்திலும் பாறையிலும் ஏறியிருந்து படித்தார்கள். 2022இல் எரிபொருள் இல்லாமற் பாடசாலைகள் மூடப்பட்டபோதும் அதே கருவிதான் கைகொடுத்தது.

பின்னர் பாடசாலைகள் திறந்தன; கருவி வாசலோடு நிறுத்தப்பட்டது. மாணாக்கர் கைத்தொலைபேசி கொண்டுவரலாகாது என்பதே நம் பாடசாலைகளின் பொதுவான விதி. இதன் பலன் என்ன? வழிகாட்ட ஒருவரும் இல்லாத வீட்டு மூலையில், இரவு பதினொரு மணிக்குப் பிள்ளை அதைப் பாவிக்கலாம். ஆசிரியரின் கண்முன்னே, பட்டப்பகலில், பாடத்திற்காகப் பாவிக்க முடியாது. இது தலைகீழான ஏற்பாடு அன்றோ?

தடை விதிப்போரின் அச்சம் பொய்யானதென்று நான் சொல்ல வரவில்லை. பிரான்ஸ் தேசம் 2018இல் சட்டமியற்றி ஆரம்ப, நடுநிலைப் பாடசாலைகளில் இதைத் தடுத்தது. பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி அமைப்பு பதினைந்து வயது மாணாக்கரிடையே 2022இல் நடத்திய பீசா ஆய்வில், அதன் உறுப்பு நாடுகளின் மாணாக்கருள் சராசரியாக 65 வீதமானோர் இத்தகைய கருவிகளால் ஏதாவதொரு கணித பாடத்திலேனும் தம் கவனம் சிதறுவதாகக் கூறினார்கள். ஆயினும் அதே ஆய்வு மற்றொன்றையும் காட்டுகிறது. பாடசாலையில் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் வரை கற்றலுக்காகவே கருவிகளைப் பாவித்தவர்கள், சிறிதும் பாவியாதவர்களைவிடக் கணிதத்திற் சராசரியாக 14 புள்ளிகள் கூடுதலாகப் பெற்றார்கள். குடும்ப வசதியின் வேறுபாட்டைக் கழித்துப் பார்த்த பின்னரும் அப்படியே. இதை வைத்துக் கருவிதான் புள்ளியைக் கூட்டியது என்று முடிவுகட்ட இயலாது. இலங்கை அந்த ஆய்விற் பங்குபற்றவும் இல்லை. எனினும், அளவோடும் நோக்கத்தோடும் பாவிப்பது வேறு, கட்டின்றி விடுவது வேறு என்பதை அது உணர்த்துகிறது.

ஒரு பாடத்தை எடுத்துப் பார்ப்போம். பத்தாம் வகுப்பு விஞ்ஞானம், நாற்பது பிள்ளைகள். ஆய்வுகூடத்தில் இருப்பதோ ஒரேயொரு நுணுக்குக்காட்டி, வேலை செய்யாத இரண்டு நிறுத்தற் கடிகாரங்கள். (அதுவும் இல்லாத பாடசாலைகள் உண்டென்பதை நீங்கள் அறிவீர்கள்.) இங்கே நான்கு பேருக்கு ஒரு கைத்தொலைபேசி என்று பத்துக் கருவிகளை மேசையில் வையுங்கள். ஒரு மீற்றர் நூலிற் கல்லைக் கட்டி ஊசலாட விட்டு, இருபது அலைவுகளின் நேரத்தை அளக்கட்டும். ஓர் அலைவுக்கு ஏறக்குறைய இரண்டு செக்கன் வரும். நூலைக் கால் மீற்றராகக் குறைத்தால் நேரம் பாதியாகும், கால்வாசியாக அல்ல! இதை ஆசிரியர் வெண்கட்டியால் எழுதிக் காட்டுவதற்கும் பிள்ளை தன் கையால் அளந்து திகைப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. கமராவின் கண்ணாடியில் ஒரு சிறு துளி நீரைப் பக்குவமாக வைத்தால் அதுவே உருப்பெருக்கும் வில்லையாகும். இலையின் நரம்புகளும் மயிர்களும் திரையிற் பெரிதாகத் தெரியும். ஜெர்மனியின் ஆகன் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட "பைபொக்ஸ்" என்னும் இலவசச் செயலி, கருவியினுள் உள்ள உணரிகளைக் கொண்டே வேகவளர்ச்சியையும் ஒலியையும் அளக்கிறது. தமிழ்ப் பாடத்திலோ, பிள்ளை தன் வாசிப்பைத் தானே பதிவுசெய்து கேட்டால் லகர, ளகர, ழகரப் பிழையை ஆசிரியர் சொல்லாமலே கண்டுகொள்ளும். பாட்டனாரிடம் வலைகளின் பெயர்களைக் கேட்டுப் பதிந்து வந்தால் அதுவும் ஒரு பாடமாகும்.

என் தகப்பனார் படித்த காலத்தில், குமிழ்முனைப் பேனாவால் எழுதினால் கையெழுத்துக் கெட்டுவிடும் என்று ஆசிரியர்கள் அதைப் பறித்து வைத்தார்களாம். நான் படித்தது தொண்ணூறுகளில். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. ஜாம் போத்தல் விளக்கின் முன் படித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். கிடைத்ததைக் கொண்டு படிப்பது நமக்குப் புதிதல்ல.

இனி மிகவும் பாரமான கேள்வி: கருவியே இல்லாத பிள்ளை என்ன செய்யும்? "எல்லோரும் கொண்டுவாருங்கள்" என்று ஒரு பாடசாலை அறிவித்தால், ஏழை வீட்டில் அன்றிரவே கண்ணீர் சிந்தப்படும். ஆதலால் ஒருவருக்கு ஒன்று என்ற பேச்சே வேண்டாம். நான்கு பேருக்கு ஒன்று போதும். அது யாருடையது என்பது குழுவிற்குள் ஒரு பொருட்டாகாதபடி ஆசிரியர் வேலையைப் பங்கிட வேண்டும். ஒருவர் அளக்க, ஒருவர் எழுத, ஒருவர் கணிக்க, ஒருவர் சரிபார்க்க, அடுத்த முறை மாறிக்கொள்ளட்டும். டேற்றாச் செலவும் பிள்ளைமேல் விழக்கூடாது. ஊசலை அளக்க இணையமே தேவையில்லை அல்லவா?

சிறு வகுப்புகளுக்கு இது வேண்டியதில்லை. ஒன்பதாம், பத்தாம் வகுப்பிலிருந்து தொடங்கலாம். காலையிற் கருவிகளை ஆசிரியரிடம் ஒப்படைத்து, குறித்த பாடத்திற்கு மாத்திரம் பெற்று, முடிந்ததும் திருப்பிக் கொடுக்கட்டும். இன்னொரு பிள்ளையை அதன் சம்மதமின்றிப் படம்பிடித்தால் அந்தத் தவணை முழுவதும் அனுமதி இல்லை. இந்த ஒன்றிற் சிறிதும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒரு படத்தால் ஒரு பெண்பிள்ளையின் படிப்பே நின்றுபோகக்கூடும். கருவி உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் முன்கூட்டியே எழுதி வைப்பது நல்லது. பின்னர் வரும் சண்டைகள் பெரும்பாலும் அதைப் பற்றியனவாகவே இருக்கும்.

விதி விதியாக இருக்கும்வரை, அதை மீறிப் பிள்ளையின் பையில் ஒளித்து அனுப்பாதீர்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு நம்மிற் பலர் போவதேயில்லை. போனாலும் கூரையையும் மதிலையும் பற்றிப் பேசிவிட்டு வருகிறோம். அடுத்த கூட்டத்தில் எழுந்து அதிபரிடம் கேளுங்கள்: ஒரு வகுப்பு, ஒரு பாடம், கிழமைக்கு ஒரு நாள், ஒரு தவணை மாத்திரம் இதைச் செய்துபார்க்க வலயக் கல்விப் பணிமனையிடம் அனுமதி கேட்கலாமா? அனுமதி கிடைத்தால், தவணை முடிவிற் பிள்ளையின் விஞ்ஞானக் கொப்பியை வாங்கிப் பாருங்கள். அதில் அவர்களே அளந்தெழுதிய எண்கள் இருக்கின்றனவா, அல்லது கரும்பலகையிலிருந்து பார்த்தெழுதியவை மாத்திரந்தானா என்பது உங்களுக்கே தெரியவரும்.