மிக்-21 மீட்டரா, டகோட்டா பலகையா?

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு இந்திய விமானப்படை விடைகொடுத்தது. 1963-இல் வந்து சேர்ந்து, அறுபத்திரண்டு ஆண்டுகள் பறந்த விமானம். ஓய்வுபெற்ற போர்விமானங்களில் சில கல்லூரி வாசலிலும் சாலைச் சந்திப்பிலும் நிற்கும், மற்றவை உலைக்குப் போகும். அவற்றின் உள்ளே இருந்த கடிகாரமும் வேகமானியும் உயரமானியும் மட்டும் எப்படியோ பிரிந்து, ஏலக்காரர், காயலான் கடைக்காரர் என்று கைமாறி, ஒருநாள் யாரோ ஒருவரின் வீட்டு மேசைக்கு வந்துவிடும்.

அப்படி ஒரு கருவியை வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆசை திருவனந்தபுரத்தில் முளைப்பதில் வியப்பில்லை. விமானப்படையின் தென்பிராந்தியக் கட்டளையகம் 1984 முதல் இங்கேதான் இருக்கிறது. சற்றுத் தள்ளித் தும்பா. அங்கே ராக்கெட் வேலை பார்த்த அப்துல் கலாம், அதற்கு முன் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தபோது, பாடத்துக்காக நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்களின் அருகே மற்ற மாணவர்கள் போன பின்னும் உட்கார்ந்திருந்ததைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆசை சரி, எதை வாங்குவது? ஒரே ஒரு மீட்டரா, முழுக் கருவிப் பலகையா, நகலாகச் செய்த பலகையில் அசல் மீட்டர்களா? பிரிட்டிஷ் வழியா, ரஷ்ய வழியா?

பிரிட்டிஷ் வழியிலிருந்து தொடங்கலாம், மயக்கம் அதிகம் அதில்தான். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஸ்பிட்ஃபயர், ஹரிகேன், லங்காஸ்டர் எதில் ஏறினாலும் விமானிக்கு நேர் எதிரே ஒரே அமைப்பில் ஆறு மீட்டர்கள் இருக்கும். மேல்வரிசையில் வேகம், செயற்கை அடிவானம், ஏறும் வீதம். கீழ்வரிசையில் உயரம், திசை கைரோ, திருப்பம் காட்டி. மேகத்துக்குள் வெளியே எதுவும் தெரியாதபோது இந்த ஆறை மட்டும் பார்த்துப் பறக்கலாம். இந்த ஆறும் பொருந்திய பலகையை விமானத்திலிருந்து தனியாகக் கழற்ற முடியும் என்பதால், சேகரிப்போர் முதலில் தேடுவது இதைத்தான். பின்பக்கம் கிரீடமும் ஏ.எம். எழுத்துகளும், 6ஏ என்று தொடங்கும் கிடங்கு எண்ணும் இருந்தால் பிரிட்டிஷ் விமான அமைச்சகத்தின் சரக்கு. கைரோக்கள் பலவும் உறிஞ்சப்படும் காற்றால் சுழல்பவை, மின்சாரம் கேட்காதவை. காட்சிக்கு வைத்தால் அழகு சொட்டும்.

ஆனால் டயலின் எழுத்துகள் மேல் பூசியிருப்பது ரேடியம். இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியத்தைத் துத்தநாக சல்ஃபைடுடன் கலந்து முள்ளிலும் எண்ணிலும் தீட்டினார்கள். எண்பது ஆண்டில் சல்ஃபைடு தேய்ந்து ஒளி போய்விட்டது. ரேடியம்-226-இன் அரை ஆயுளோ சுமார் 1600 ஆண்டுகள். ஒளிராத டயல் ஆபத்தில்லாதது என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். சவறாக் கடற்கரை மணலிலேயே கதிர்வீச்சு இருக்கிறதே என்று கேரளத்துக்கே உரிய ஒரு சமாதானமும் வரும். மணலின் கதிர்வீச்சு வெளியிலிருந்து உடலைத் தொடுவது. உரிந்த ரேடியப் பூச்சோ தூளாகி மூச்சிலும் விரல் வழியே வாயிலும் உள்ளே போய் எலும்பில் தங்குவது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போகிறவருக்குத்தான் பெரிய ஆபத்து. மூடிய அலமாரியில் நாலைந்து ரேடிய மீட்டர்களை அடுக்கினால் ரேடான் வாயுவும் சேரும்.

2010-இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் நடந்ததையும் மறக்கக்கூடாது. பல்கலைக்கழகம் ஒன்று ஏலம்விட்ட ஆய்வுக் கருவிக்குள் கோபால்ட்-60 இருந்தது. பிரித்தெடுத்த தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். அது ரேடிய டயலைவிடப் பல மடங்கு வலிய பொருள்தான். என்றாலும், எடைக்கு வாங்கிய சரக்குக்குள் என்ன இருக்கிறது என்று வாங்கியவருக்குத் தெரியாது என்ற நிலைமை இரண்டிலும் ஒன்றே. கதிரியக்கப் பொருள்கள் அணுசக்திச் சட்டத்தின் கீழ் வருகின்றன. சந்தேகமிருந்தால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடம் கேட்டுவிட்டு மேலே போக வேண்டும். கதிர்வீச்சை அளக்கும் ஒரு சாதாரண கைகர் கருவி கண்ணாடி வழியாகவே ரேடியத்தைக் காட்டிக்கொடுக்கும். அந்தக் கருவியை நாலு பேர் சேர்ந்து வாங்கிக் கைமாற்றிக்கொள்ளலாம்.

ரஷ்ய வழியில் கவர்ச்சி வேறு மாதிரி. மிக் காக்பிட்டின் உட்புறம் நீலமும் பச்சையும் கலந்த ஒரு நிறம். அந்த நிறம் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புபவர் விசாகப்பட்டினக் கடற்கரைக்குப் போகலாம். 2017 வரை அரக்கோணத்திலிருந்து பறந்த டியு-142 விமானம் ஒன்று அங்கே அருங்காட்சியகமாக நிற்கிறது, உள்ளே ஏறிப் பார்க்கலாம். மிக்-21 பலகையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். அழகுக்குப் போட்டதல்ல: விமானம் சுழன்று விழும்போது கட்டுப்பாட்டுக் கம்பியை நடுவில் எங்கே பிடிக்க வேண்டும் என்று விமானிக்குக் காட்டும் அடையாளம். ‘புதுப்பித்த’ பலகை என்று விற்பதில் அந்தக் கோடு பெயின்டுக்கு அடியில் போயிருந்தால், வேலை பார்த்தவருக்கு விமானம் தெரியாது என்று பொருள்.

வேகம் கிலோமீட்டரில், உயரம் மீட்டரில், அழுத்தம் பாதரச மில்லிமீட்டரில். நம் பள்ளிக்கூட அளவுகள் என்பதால் குழந்தைகளுக்கு விளக்க எளிது. ஏசிஎச்எஸ்-1 என்ற காக்பிட் கடிகாரம் உலகெங்கும் கைமாறுவது. இடப்பக்கச் சிவப்புத் திருகைச் சுற்றிச் சாவி கொடுத்தால் ஓடத் தொடங்கும், மின்சாரம் வேண்டாம். ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸின் (எச்.ஏ.எல்.) லக்னோ பிரிவு வெளிநாட்டு உரிமம் பெற்று இங்கேயே செய்த கருவிகளும் உண்டு. எச்.ஏ.எல். தகடு பதித்த மீட்டரை வெளிநாட்டுச் சேகரிப்பாளர் கண்டுகொள்வதில்லை, நமக்கோ அதுதான் நம் கதை. ரஷ்யக் கருவி என்றதும் ரேடியம் இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது, பழையவற்றில் இருக்கும். கைகர் சோதனை இதற்கும் உண்டு.

இயக்கிப் பார்க்கும் ஆசை வரும்போது மிக் சற்று முரண்டு பிடிக்கும். அதன் கைரோக்கள் கேட்பது 36 வோல்ட், 400 ஹெர்ட்ஸ், மூன்று ஃபேஸ். வீட்டு 230 வோல்ட்டில் சொருகினால் புகைதான். உரிய இன்வெர்ட்டரின் விலை மீட்டரின் விலையைத் தாண்டிவிடலாம். கைரோவை விட்டுவிட்டு, காற்றழுத்தத்தில் இயங்கும் உயரமானியையும் வேகமானியையும் எடுப்பது புத்திசாலித்தனம். அவற்றைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. திருவனந்தபுரம் விமான நிலையம் கடல்மட்டத்தை ஒட்டியே இருக்கிறது. அது வெளியிடும் அழுத்த அளவை உயரமானியின் சிறு சாளரத்தில் வைத்துக்கொண்டு சங்குமுகம் கடற்கரையில் நின்றால், முள் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். ஒரு ஹெக்டோபாஸ்கல் தவறினால் சுமார் 8 மீட்டர் தவறும். வேகமானிக்கு, தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயை யு வடிவில் வளைத்து இணைத்தால் போதும். குழாயின் இரு கைகளிலும் உள்ள நீர்மட்டத்துக்கு இடையே 165 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும்போது முள் 100 நாட் காட்டும், ரஷ்ய டயலில் 185 கிலோமீட்டர். வாயால் ஊதிச் சோதிக்கவே கூடாது. உள்ளே இருப்பது தாள் போன்ற உலோக உறை, ஒரே மூச்சில் வளைந்துவிடும்.

முழுப் பலகை என்பது பெரும்பாலும் ஏமாற்றம். ராணுவக் கழிவுச் சரக்கு அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி.யின் இணைய ஏலத்தில் லாட் லாட்டாக விற்கப்படுகிறது. தனி மனிதருக்கு வேண்டிய ஒரு பலகை அதில் தனியாக வராது. ஏலம் எடுத்த வியாபாரியிடம்தான் வாங்க வேண்டும். ஏல டெலிவரி ஆர்டரின் நகலோ பில்லோ தராதவரிடம் வாங்கினால், அரசுக் கிடங்கிலிருந்து காணாமல் போன பொருளை வைத்திருப்பவர் என்ற பெயர் வரும். பல ‘முழுப் பலகை’களில் கிரண் பயிற்சி விமானத்தின் சட்டமும் வேறெதன் மீட்டர்களும் கலந்திருக்கும். பழகிய கண் மட்டுமே பிரித்தறியும்.

இதைவிட மதிப்பானது நகல் பலகை. அளவெடுத்து அலுமினியத் தகட்டிலோ எம்.டி.எஃப். பலகையிலோ லேசரில் வெட்டி, கிடைத்த இரண்டு மூன்று அசல் மீட்டர்களைப் பொருத்தி, மீதித் துளைகளில் சிறு ஸ்டெப்பர் மோட்டாரால் இயங்கும் நகல் டயல்களை வைக்கலாம். கணினியில் ஓடும் மிக்-21 சிமுலேட்டருடன் இணைத்தால் முள்கள் உயிர்பெறும். தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை, அசலை அறுக்காமல் ஆசை நிறைவேறுகிறது.

எவ்வளவு புதுப்பிப்பது என்ற கேள்விக்கு பரசுராமா நல்ல எடுத்துக்காட்டு. 1947 அக்டோபர் 27-இல் ஸ்ரீநகரில் இந்தியப் படைவீரர்களுடன் முதலில் இறங்கிய டகோட்டாவின் வி.பி. 905 என்ற எண்ணைத் தாங்கிய விமானம் அது. பிரிட்டனில் சீராக்கி, அரசியல்வாதி ராஜீவ் சந்திரசேகர் பரிசளிக்க, 2018-இல் பறந்தே இந்தியா வந்தது. பறக்க வேண்டிய விமானத்தில் இன்றைய ரேடியோ வேண்டும், தேய்ந்ததை மாற்றவும் வேண்டும். மேசையில் இருக்கப்போகும் மீட்டருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. விமானியின் கட்டைவிரல் தேய்த்த பெயின்டை மறுபடி பூசுவதும், பிராசோ போட்டு மினுக்குவதும் அதன் ஆயுட்கதையை அழிப்பது. உலர்ந்த மென்தூரிகை, உறையின் மேல் மட்டும் ஈரத் துணி, உரியும் பெயின்டைப் பிடித்து நிறுத்தப் பிற்பாடு கரைத்தெடுக்கக்கூடிய பாரலாய்டு பி-72 என்ற பிசின். இவ்வளவே போதும்.

திருவனந்தபுரத்துக்குக் கூடுதலாக ஒரு வேலை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர், பக்கத்திலேயே உப்புக் காற்று. கண்ணாடியின் உட்புறம் பூஞ்சையும் அலுமினியத்தில் வெண்பொடியும் ஒரே மழைக்காலத்தில் வந்துவிடும். சிலிகா ஜெல் போட்ட, இறுக மூடும் பெட்டியில் ஈரப்பதமானி ஒன்றை வைத்து, 50 சதவீதத்தை ஒட்டி வைத்திருக்க வேண்டும். ரேடியப் பொருளுக்கு இந்த மூடிய பெட்டி ஒத்துவராது என்பது அதை வாங்காதிருக்க இன்னொரு காரணம்.

இங்கே புதிதாகத் தொடங்குபவர், பில்லுடன் கிடைக்கும் எச்.ஏ.எல். தகடு உள்ள உயரமானியையோ மிக் கடிகாரத்தையோ கைகர் சோதனைக்குப் பின் வாங்கலாம். ஓராண்டு கழித்து நகல் பலகைக்குப் போகலாம். ஆறு மீட்டர் பிரிட்டிஷ் பலகையை அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்துக்கொள்வதே நல்லது.