தேய்ந்த காசில் ஆண்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

நம்மில் பலர் வீட்டுச் சாமி மேடையில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய காசு இருக்கும். எடுத்துப் பார்த்தால் ராஜா தலை மங்கலாகத் தெரியும். ஆண்டு இருக்கும் இடம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்து போயிருக்கும். "வருஷம் போச்சு, இனிமே ஒண்ணும் தெரியாது" என்று விட்டுவிட வேண்டாம். ஆண்டைச் சொல்ல அந்த எண் மட்டும்தான் சாட்சி என்பதில்லை.

முதலில் ஒரு விதி: காசைத் தேய்க்காதீர்கள். புளியும் சாம்பலும் குத்துவிளக்குக்குச் சரி, பழைய காசுக்கு ஆகாது. புளியின் அமிலம் மேல்பரப்பைக் கரைக்கும், சாம்பல் சுரண்டும். மிச்சம் இருக்கும் எண்ணும் போய்விடும். அமெரிக்காவில் 1913 முதல் 1938 வரை வந்த எருமை படம் போட்ட ஐந்து சென்ட் காசில் ஆண்டு சீக்கிரம் தேய்ந்துவிடும். அதன்மேல் ரசாயனச் சொட்டு விட்டு எண்ணை வரவழைப்பவர்கள் உண்டு. எண் தெரியும், ஆனால் காசில் கறை நிரந்தரமாகத் தங்கிவிடும். நமக்கு அது தேவையில்லை.

படி 1: யார் தலை? பெண் தலை இடப்பக்கம் பார்த்தால் விக்டோரியா ராணி, 1901 அல்லது அதற்கு முன். வலப்பக்கம் பார்த்தால் இரண்டாம் எலிசபெத், 1953 முதல் 1961 வரை. ஆண்களில் வலப்பக்கம் பார்ப்பவர் ஏழாம் எட்வர்ட் (1901-1910). ஐந்தாம் ஜார்ஜும் ஆறாம் ஜார்ஜும் இடப்பக்கம் பார்ப்பார்கள். தாடி இருந்தால் ஐந்தாம் ஜார்ஜ் (1910-1936), மழித்த முகம் என்றால் ஆறாம் ஜார்ஜ்.

படி 2: என்ன எழுதியிருக்கிறது? 'ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்' என்றால் மூத்த காசு. 'மலாயா' என்று மட்டும் இருந்தால் 1939 முதல் 1950 வரை. இந்த மலாயா காசில் ஆறாம் ஜார்ஜைச் சுற்றி 'எம்பரர் ஆஃப் இந்தியா' என்று இருந்தால் 1945 அல்லது அதற்கு முன். 1947-ல் இந்தியா சுதந்திரம் அடைந்தது. 1948 காசிலிருந்து அந்தப் பட்டம் இல்லை.

படி 3: சாய்ந்த வெளிச்சம். அறையை இருட்டாக்கி, கைப்பேசி விளக்கைக் காசுக்குப் பக்கவாட்டில், ஏறக்குறைய மேசை மட்டத்தில் பிடியுங்கள். காசை மெதுவாகச் சுற்றி எட்டுத் திசையிலும் படம் எடுங்கள். மேலிருந்து பார்த்தால் தெரியாத மேடு, நிழல் விழும்போது தெரியும்.

இங்கே பட்டியல் உதவும். மலாயா இருபது காசு 1939, 1943, 1945, 1948, 1950 ஆகிய ஐந்து ஆண்டுகளில்தான் வந்தது. பத்து எண்களில் எது என்று தேட வேண்டாம். 'எம்பரர்' எழுத்து இருந்தால் மூன்றே ஆண்டுகள்தான்.

படி 4: அடர்த்தி. 1939 இருபது காசில் வெள்ளி 75 விழுக்காடு. போர்க்காலத்தில் அது 50 விழுக்காடாகக் குறைந்தது. 1948-லிருந்து வெள்ளியே கிடையாது, செம்பும் நிக்கலும்தான். காசு தேய்ந்தால் எடை குறையும், ஆனால் அடர்த்தி மாறாது. அதுதான் இதன் அழகு.

0.01 கிராம் காட்டும் தராசில் காசை நிறுத்துங்கள். பிறகு ஒரு குவளைத் தண்ணீரைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, காசை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். அடியில் படக்கூடாது, குமிழி ஒட்டக்கூடாது. இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி. ஏறக்குறைய 10 வந்தால் 1939. 9.6 பக்கம் வந்தால் 1943 அல்லது 1945. 8.9 என்றால் போருக்குப் பிந்தியது. ஐந்து காசில் இதைச் செய்ய வேண்டாம். அது ரொம்பச் சின்னது, தராசின் பிழையே விடையை மாற்றிவிடும்.

எங்கள் வீட்டு இருபது காசை இப்படித்தான் பார்த்தேன். ஜப்பான்காரன் காலத்தில் தாத்தா அதைத் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் புதைத்து வைத்தார் என்பது பாட்டி சொல்லும் கதை. 'எம்பரர்' எழுத்து இருந்தது, ஆண்டு இல்லை. அளப்பதற்கு முன் கொஞ்சம் பயம்தான். ஏனென்றால் 1943, 1945 காசுகள் வெளியில் அச்சிடப்பட்டவை. ஜப்பானியர் சரணடைந்து பிரிட்டிஷார் 1945 செப்டம்பரில் திரும்பிய பிறகே அவை இங்கே புழங்கியிருக்க முடியும். 9.6 வந்தால் பாட்டி கதை இந்தக் காசுக்குப் பொருந்தாது. எடை 5.10 கிராம், தண்ணீரில் 0.51. மூன்று முறை பார்த்தேன், மூன்று முறையும் 10. அப்படியென்றால் 1939.

இது கதையை நிரூபித்துவிட்டதா? இல்லை. கதை நடந்திருக்கலாம் என்று மட்டும் சொல்கிறது. காசில் உள்ள ஆண்டு, அது அதற்கு முன் இருந்திருக்க முடியாது என்பதைத்தான் காட்டும். யார் கையில், எப்போது வந்தது என்பதைக் காசு சொல்லாது. வீட்டுப் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அதனால் இரண்டு வேலை செய்யுங்கள். காசைப் பார்த்துத் தெரிந்ததை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். '1943 அல்லது 1945' என்று எழுதுவதில் தப்பே இல்லை. அதே தாளின் மறுபக்கம், அந்தக் காசைப் பற்றிப் பாட்டி தாத்தா சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி, தேதி போட்டு வையுங்கள். காசு இன்னும் நூறு வருஷம் தாங்கும். அவர்களிடம் கேட்பதைத் தள்ளிப் போடாதீர்கள்.