தாங்குநிலையும் தடைநிலையும்: ஒரு கணக்குப் பாடம்

ஆரணியில் தறிச்சத்தம் கேட்கும் தெருவொன்றிலிருந்து நம் கல்லூரிக்கு வரும் மாணாக்கர் ஒருவர், சென்ற விடுமுறையில் தம் கைப்பேசியில் கோடுகள் இழுக்கப்பெற்ற படமொன்றை எமக்குக் காட்டி, “ஐயா, விலை இந்தக் கோட்டுக்குக் கீழே போகாதாம், உண்மைதானா?” என்று வினவினார். வீட்டில் சேலை நெய்த கூலியில் சேர்த்த 20,000 ரூபாயை, அக்கோட்டை நம்பிப் பங்குச் சந்தையில் இட எண்ணியிருந்தார். அவருக்கு யாம் சொல்லியதையே ஈண்டு எழுதுகின்றோம்.

அக்கோடு எங்ஙனம் வருகின்றது? காலையில் வாங்கி மாலைக்குள் விற்றுவிடும் அன்றாட வியாபாரிகள், முந்திய நாளின் உச்ச விலை, தாழ்ந்த விலை, முடிவு விலை ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்வர். ஒரு பங்கு நேற்று 420 வரை ஏறி, 405 வரை இறங்கி, 411-ல் முடிந்ததென்று கொள்வோம். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்க 412 வரும். இதற்குப் பிவட் என்று பெயர், நடுப்புள்ளி எனலாம். இதனை இரட்டித்து உச்ச விலையைக் கழிக்க 404. இது முதல் தாங்குநிலை, சந்தைக்காரர் சப்போர்ட் என்பது. இரட்டித்ததில் தாழ்ந்த விலையைக் கழிக்க 419. இது முதல் தடைநிலை, அதாவது ரெசிஸ்டன்ஸ். நேற்றைய உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள 15 ரூபாய் வித்தியாசத்தை நடுப்புள்ளியிற் கழித்தும் கூட்டியும் 397, 427 என்னும் இரண்டாம் நிலைகளைப் பெறுவர். கணிப்பொறி கைக்கு எட்டாத நாளில், சந்தைத் தளத்தில் நின்று கூவி வியாபாரம் செய்தோர் துண்டுக் காகிதத்தில் போட்ட கணக்கு இது. பள்ளிப் பிள்ளையும் போடலாம்.

கணக்கு எளிது, அதன் பொருளே கடினம். ஆரணிச் சேலைக்கும் ஒரு தாங்குநிலை உண்டு. வாங்குவோர் எவ்வளவு பேரம் பேசினும், பட்டின் விலை, சரிகையின் விலை, நெய்தவர் கூலி இவற்றின் கூட்டுத்தொகைக்குக் கீழே விற்பவர் எளிதில் இறங்கார். வெள்ளி விலை உயர்ந்தால் சரிகையோடு அத்தொகையும் உயரும். ஆகவே அந்நிலைக்கு அடியில் உண்மையான முதல் ஒன்று கிடக்கின்றது. 404 என்னும் எண்ணுக்கு அடியில் கிடப்பது யாது? நேற்றைய மூன்று எண்களும், அவற்றையே பலரும் பார்த்துக்கொண்டிருக்கின்றனர் என்னும் எதிர்பார்ப்புமே. வேறொன்றுமில்லை.

எனினும் அந்த எதிர்பார்ப்பை வெறுமையென்று தள்ளிவிடலாகாது. நியூயார்க் பெடரல் ரிசர்வ் வங்கியில் பணியாற்றிய கரோல் ஆஸ்லர் என்னும் அம்மையார் 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியிட்டார். அந்நியச் செலாவணிக்கு ஆறு நிறுவனங்கள் அறிவித்த தாங்குநிலை, தடைநிலைகளை, மனம்போனவாறு எடுத்த எண்களோடு அவர் ஒப்பிட்டார். அறிவித்த நிலைகளில் விலை திரும்பியது அதிகமெனக் கண்டார். ஆயின் வித்தியாசம் பெரிதன்று. அந்நிலைகள் நம் சூத்திரமொன்றாலேயே வந்தவையுமல்ல.

இனி மாணாக்கரின் 20,000 ரூபாய்க்கு வருவோம். அன்றாட வியாபாரத்துக்குத் தரகர் ஐந்து மடங்கு வரை இடங்கொடுப்பர். ஆகவே 404-ல் 240 பங்குகள், அதாவது 96,960 ரூபாய்ச் சரக்கு, அவர் வாங்கலாம். விலை 402-க்கு வந்தால் நஷ்டத்தோடு விற்றுவிடுவதென்றும் (இதனை ஸ்டாப் லாஸ் என்பர்), 412-ஐத் தொட்டால் லாபத்தோடு விற்பதென்றும் வைத்துக்கொண்டார். போனால் 480 ரூபாய், வந்தால் 1,920 ரூபாய். கேட்பதற்கு இனிதாகவே இருக்கின்றது. ஆனால் நாணயம் சுண்டினாற்போல் ஏறவும் இறங்கவும் சமவாய்ப்புள்ள ஒரு விலை, 2 ரூபாய் இறங்குமுன் 8 ரூபாய் ஏறுவதற்குள்ள வாய்ப்பு 10-ல் 2, அதாவது 5-ல் 1 மட்டுமே. ஐந்து முறையில் நான்கு முறை 480 வீதம் 1,920 போகும். ஒரு முறை 1,920 வரும். மிச்சம் பூஜ்யம்! அதன்மேல் விற்ற தொகையில் 0.025 விழுக்காடு பரிவர்த்தனை வரி, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 24 ரூபாய். தரகும் பிறவும் வேறு. ஆகவே கோடு உதவிற்று என்று சொல்லவேண்டுமாயின், அது 5-ல் 1 என்னும் வாய்ப்பை இச்செலவுகளுக்கும் ஈடுகட்டும் அளவு உயர்த்தியிருத்தல் வேண்டும். 402-ல் விற்கச் சொல்லியும் விலை ஒரே பாய்ச்சலில் 400-க்கு இறங்கிவிடும் நாட்களும் உண்டு. விற்கவே மனமின்றி 397 வரை காத்திருப்பாராயின் 1,680 ரூபாய் நஷ்டம். கைம்முதலில் 12-ல் ஒரு பங்கு ஒரே நாளில் தொலையும்.

செபி என்னும் சந்தைக் கண்காணிப்பு வாரியம் 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு இக்கணக்கோடு ஒத்திருக்கின்றது. 2022-23-ஆம் ஆண்டில் பங்குகளை அன்றாடம் வாங்கி விற்ற தனியாட்களுள் 10 பேரில் 7 பேருக்கு நஷ்டமே. முப்பது வயதுக்குட்பட்டோரில் அது 76 விழுக்காடு. ஆண்டுக்கு 500 முறைக்கு மேல் வியாபாரம் செய்தோரில் 80 விழுக்காடு.

மாணாக்கர் இவற்றைக் கேட்டும் முழுதும் இசைந்தாரில்லை. இளமையில் அது இயல்பே. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். நாள்தோறும் காலை 9.15-க்குச் சந்தை திறக்குமுன் ஐந்து நிலைகளையும் அவர் எழுதவேண்டும். முதல் தாங்குநிலையை விலை தொடும் நாட்களில், அது 2 ரூபாய் முதலில் இறங்கிற்றா, 8 ரூபாய் முதலில் ஏறிற்றா என்று குறிக்கவேண்டும். பணம் இடலாகாது. நூறு முறை குறித்த பின், 8 ரூபாய் ஏறியவை இருபதுக்கு எவ்வளவு மேலென்று எண்ணிப் பார்ப்பதாகப் பேச்சு. அதுகாறும் அந்த 20,000 ரூபாய் தபாலாபீஸ் கணக்கிலேயே இருக்கும்.